எல்லை தாண்டிய காப்பு

அட்டையில் இருக்கும் படத்தில் அண்ணனின் வலது மணிக்கட்டைப் பாருங்கள். பழுப்பேறிய ஒரு கயிறு தெரியும். அச்சகத்துத் தம்பி, "ஏனுங்க்கா, கையில அழுக்கா ஒரு கயிறு தெரியுதுங்க. கம்ப்யூட்டர்ல அழிச்சுப்போடட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "படம் எடுப்பா இருக்காதுங்களே" என்றார். எடுப்பாக இல்லாவிட்டால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கயிற்றை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி எழுத என்னால் முடியாது. முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்ட உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், அழைத்தும் வராதவர்களுக்கும், தங்கையின் வணக்கம்.

அண்ணன் பிறந்தது சென்னிமலையில். அப்பாவுக்குத் தறி வேலை. அதில் வயிறு நிறையவில்லை என்று எங்களைக் கூட்டிக்கொண்டு சிங்காநல்லூர்ப் பக்கம் மில் வேலைக்கு வந்தார். நான் அப்போது இடுப்புக் குழந்தை. மில்லுக்குப் பின்னால் லைன் வீடுகள். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கோபிக்காரர்கள், இந்தப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்கள், எதிரே பாலக்காட்டுக்காரர்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு வேப்பமரத்தடியில் கல் நட்டு மாரியம்மன் என்று கும்பிட்டார்கள். பூசை தெரிந்தவர் என்று அப்பாவைப் பூசாரி ஆக்கினார்கள். கிழக்கே ரயில்வே கேட், மேற்கே குளத்து மதகு, இதற்குள் இருப்பது நம் ஊர் என்று எல்லையும் அவர்களே வகுத்துக்கொண்டார்கள். இன்று அங்கே 'நாங்க ஊர்க்காரங்க' என்று மார்தட்டுகிறவர்கள் அத்தனை பேரும் பஸ் ஏறி வந்தவர்களின் பிள்ளைகள்தான்.

நாளடைவில் கல் இருந்த இடம் கோயிலானது. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் மில் வேலையும் பார்த்துக்கொண்டு பூசையும் பார்த்தார். மில் மூடியதும் பூசை மட்டும் மிஞ்சியது. அண்ணி குழந்தை இல்லாமலே சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். மறுமணம் செய்யச் சொல்லி நான் வாழ்க்கைப்பட்ட கோபியிலிருந்து எத்தனையோ ஜாதகம் கொண்டுவந்தேன். "அம்மணி, அம்மனே என்னோட சமையலச் சகிச்சுக்கிட்டு இருக்குது. இன்னொருத்தி எதுக்கு?" என்று தட்டிக்கழித்துவிட்டார். உண்மைதான், அவர் வைக்கும் பொங்கல் பசை மாதிரி இருக்கும். பாட்டும் சேராது. ஆனால் அம்மனிடம் அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுவது போலத்தான் பேசுவார். யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமையவில்லை, யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பார்.

பழைய லைன் வீடுகளுக்கு வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஃபவுண்டரி வேலைக்கு ஆட்கள் வந்தபோது, அவர்களும் அம்மனைக் கும்பிட வந்தார்கள். அதில் நிமாய் என்று ஒரு வங்காளி. மனைவி பெயர் சந்தியா. கருவறைக்கு முன்னால் இருந்த இரும்புக் கேட் துருப்பிடித்து விழுந்தபோது, அம்மன் திருவிழாவான நோம்பிக்கு முன்னால் புதிதாக வெல்டிங் வைத்துக் கொடுத்தது நிமாய்தான். எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாத இளையவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நோம்பிக்கு நாள் குறித்துச் சாட்டியதும் பூசாரியின் கையில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால், நோம்பி முடிந்து அம்மன் முன்னால் அதை அவிழ்க்கும்வரை அவர் தரையில்தான் படுக்க வேண்டும். பிறர் வீட்டில் கை நனைக்கக் கூடாது. எதைச் செய்தாலும் ஊர் எல்லையை மட்டும் தாண்டவே கூடாது.

அந்த வருடம் காப்புக் கட்டிய பிறகு ஒரு காலையில் அண்ணன் நடை திறந்தபோது அம்மன் கழுத்தில் பொட்டுத்தாலி இல்லை. நான் நோம்பிக்காக வந்திருந்தேன். கேட் பூட்டியபடியே இருந்தது. கேட்டைச் செய்தவன் யார் என்று ஒருவர் கேட்டார், அவ்வளவுதான். நிமாயை வீட்டிலிருந்து இழுத்துவந்து வேப்பமரத்தில் கட்டி அடித்தார்கள். அவன் ஆதார் கார்டைக் காட்டினான். அது போலி, அவன் பங்களாதேஷ்காரன் என்றார்கள். அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அபிஷேகத்துக்கு வைத்திருந்த சொம்புத் தண்ணீரை அவன் வாயில் ஊற்றினார். ஊர்த் தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"சரி பூசாரி, பூப் போட்டுக் கேட்டுப்போடலாம். வெள்ளப் பூ வந்தா இவன் எடுக்கல. செவப்புப் பூ வந்தா இவன்தான். அம்மன் சொல்லட்டும்."

பொட்டலத்தில் பூ மடித்து அம்மன் முன்னால் போட்டு உத்தரவு கேட்பது எங்கள் கோயிலில் எப்போதும் உண்டு. கல்யாணத்துக்குக் கேட்போம், கிணறு வெட்டக் கேட்போம். அண்ணன் அன்று கேட்க மாட்டேன் என்றார்.

"ஆத்தாகிட்ட நல்லது கெட்டது கேக்கலாமுங்க. ஒருத்தனக் கையக் காலக் கட்டிப்போட்டு, இவன் திருடனான்னு கேக்கப்படாதுங்க. அதுக்குக் கோர்ட் இருக்குதுங்க."

"அப்ப அவன் எடுக்கலைங்கறீங்களா?"

"எனக்குத் தெரியாதுங்க. எடுத்திருப்பான், எடுக்காமயும் இருப்பான். தெரியாததுனாலதானுங்க சொல்றேன்."

"கோயில் சாவி உங்ககிட்டத்தான இருக்குது. நீங்க எடுத்தீங்களா?"

"என்னையும் ஸ்டேஷனுக்கு அனுப்புங்க. கேக்கறதுக்குப் பதில் சொல்றேன். அவனுக்கும் அதே மொறதானுங்க."

என் அண்ணனைத் திருடனா என்று கேட்ட அந்த வாயை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அண்ணன் மன்னித்துவிட்டார். அது அவர் சௌகரியம்.

போலீஸ் வண்டி வந்து நிமாயை ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் சந்தியா கோயில் வாசலில் வந்து உட்கார்ந்து அழுதாள். ஸ்டேஷனில் கேட்டால், அப்படி யாரையும் நாங்கள் கொண்டுவரவில்லை என்கிறார்களாம். அடித்த அடியில் என்ன ஆனானோ, ரயிலில் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். பிடித்த ஆளை ஒரு நாளைக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். மில் யூனியனில் இருந்த காலத்திலேயே அண்ணனுக்கு அது தெரியும்.

ஸ்டேஷன் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். காப்புக் கட்டியவர் எல்லை தாண்ட முடியாது. அதனால் முதலில் போனில் பெரியவர்களைக் கூப்பிட்டார். மேடையில் அன்பைப் பற்றி அழகாகப் பேசும் ஒரு மடத்துச் சாமிகள், ஒரு சர்ச் பாதிரியார், பெரிய கோயில் குருக்கள் ஒருவர். எல்லோரும் நம் வீட்டு விசேஷங்களுக்கு வந்து ஆசி சொன்னவர்கள்தான். நீங்கள் போய் ஒரு வார்த்தை கேளுங்கள், உங்களைப் பார்த்தால் மறைக்க மாட்டார்கள் என்று கெஞ்சினார். மூவரும் பிரார்த்தனை செய்வதாகச் சொன்னார்கள்.

போனை வைத்துவிட்டு என்னிடம், "பிரார்த்தன நானும் பண்ணுவேன் அம்மணி. அது என்ற தொழிலு" என்றார். சாமிக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களை ஊர் ஏன் கையெடுத்துக் கும்பிடுகிறது? ஊரே ஒரு பக்கம் சாயும் நாளில் அவர்களாவது மறுபக்கம் நிற்பார்கள் என்றுதானே. நம்மவன், வந்தவன் என்று பிரித்துப் பார்க்கிற வேலைக்கு ஊரில் ஏற்கெனவே நிறைய ஆள் இருக்கிறது.

அண்ணன் மஞ்சள் வேட்டியோடு ரயில்வே கேட்டை நோக்கி நடந்தார். தலைவர் பைக்கில் வந்து குறுக்கே நிறுத்தினார்.

"பூசாரி, கையில காப்பு இருக்குது!"

"தெரியுமுங்க."

"தாண்டுனா நோம்பி கெட்டுப்போகுமுங்க. ஊருக்கு ஒண்ணு ஆனா யாரு பொறுப்பு?"

"நோம்பி அடுத்த வருசமும் வருமுங்க. இந்தப் பையன் வருவானான்னு தெரியல. நான் போய்ட்டு வாரேனுங்க."

தண்டவாளத்தைத் தாண்டிப் போனார். கூட ஒருவரும் போகவில்லை. சந்தியா மட்டும் பின்னாலேயே ஓடினாள்.

ஸ்டேஷன் பெஞ்சில் அவர் உட்கார்ந்ததைப் பின்னால் வந்து உதவிய வக்கீல் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சத்தம் போடவில்லையாம். போ என்றால் எழுந்து நிற்பார், அவர்கள் திரும்பினால் மறுபடி உட்காருவார். "அந்தப் பையனக் காட்டுங்க, போறேனுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லையாம். மஞ்சள் வேட்டியும் காப்புமாக ஒரு பூசாரியைப் பிடித்துத் தள்ள அவர்களுக்குத் துணிவு வரவில்லை. கடைசியில் நிமாய் வேறொரு ஸ்டேஷனில் இருக்கிறான் என்று ஒப்புக்கொண்டார்கள். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். உடம்பில் இருந்த காயமெல்லாம் பதிவானது. சிறைக்குப் போனான், பிறகு ஜாமீனில் வந்தான். பொட்டுத்தாலி இன்றுவரை கிடைக்கவில்லை. எடுத்தது யார் என்று அண்ணனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

அண்ணன் திரும்பி வந்தபோது வேறு ஒருவர் கையில் காப்புக் கட்டியிருந்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டார்கள். கையில் இருந்ததை அறுத்துப் போடச் சொன்னார்கள். "ஆத்தா முன்னால கட்டுனதுங்க. ஆத்தா முன்னாலதான் அவுக்கோணும். உள்ள உடுங்க, அவுத்துப்போடறேன்" என்றார். உள்ளே விடவில்லை.

அதனால் அந்தக் காப்பு அவிழவே இல்லை. எங்களுக்கெல்லாம் அந்த நோம்பி முடிந்தது, அவருக்கு முடியவில்லை. அன்றிலிருந்து தரையில் பாய்கூட இல்லாமல் படுத்தார். யார் வீட்டிலும் கை நனைக்கவில்லை. கூப்பிடவும் யாரும் இல்லை. திருநீறு வாங்கக் கை நீட்டியவர்கள் அவரைக் கண்டதும் மொபைலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். தினமும் காலையில் குளித்துவிட்டு, தெருமுனையில் நின்று தூரத்தில் தெரியும் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவார். ஊர்ச் செய்தியை அம்மனிடம் ஒப்பிப்பது மட்டும் நின்றுபோனது. அவருக்கே யாரும் செய்தி சொல்வதில்லை, அப்புறம் எதை ஒப்பிப்பார்? நான் போன் செய்தால் எடுத்ததும் கொஞ்ச நேரம் பேச்சு வராது. நாள் முழுக்கப் பேசாமல் இருந்த தொண்டை என்று கேட்கும்போதே தெரியும்.

எல்லையையும் தாண்டவில்லை, ஒரே ஒரு காரியத்துக்குத் தவிர. நிமாயின் வாய்தா. அதற்கு மட்டும் தவறாமல் கோர்ட்டுக்குப் போவார். என் மகன் கல்யாணம் கோபியில் நடந்தது. தாய்மாமன் சீர் செய்ய வேண்டியவர் வரவில்லை. கல்யாண மண்டபத்தில் எல்லோரும் மாமன் எங்கே, மாமன் எங்கே என்று கேட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சிங்காநல்லூருக்கே வந்து சண்டை போட்டேன்.

"ஏனுங்கண்ணா, யாரோ ஒருத்தனோட வாய்தாவுக்கு எல்ல தாண்டறீங்க. பொறந்தவ ஊட்டுக் கல்யாணத்துக்குத் தாண்ட முடியலையா?"

"உன்ற ஊட்டுல நானில்லீனாலும் மண்டபம் நெறஞ்சிருக்கும் கண்ணு. அங்க பேரு கூப்புடறப்ப அவன் பின்னால திரும்பிப் பாப்பான். பாக்கற எடத்துல ஒரு மொகம் இருக்கோணுமில்ல."

நான் அழுதுகொண்டே பஸ் ஏறினேன்.

மூச்சுத்திணறல் வந்தபோதும் எல்லைக்குள் இருந்த சின்ன கிளினிக்கோடு நிறுத்திக்கொண்டார். நினைவு தப்பிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது. அங்கிருந்து திரும்பிப் பிணமாகத்தான் வந்தார். கோயில் வழியாக எடுத்துப்போனபோது, வழக்கப்படி நடையைச் சாத்தினார்கள். ரயில்வே கேட்டும் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தது. அதுவரை அண்ணனை ஏற்றிய வண்டி எல்லைக்குள்ளேயே நின்றது. எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் அதிகம் இல்லை. காப்பை வெட்டாமல் இடது கையில் ஊசி ஏற்றிய நர்ஸ் அம்மாவுக்கு நன்றி. கட்டணம் பேசாமல் இன்றும் வழக்கை நடத்தும் வக்கீல் அம்மாவுக்கு நன்றி. தோள் கொடுக்க ஆள் தேடியபோது ஷிப்டை விட்டு ஓடிவந்த ஃபவுண்டரிப் பிள்ளைகளுக்கும், அவர்களில் முன்னால் நின்ற நிமாய்க்கும் நன்றி. கயிற்றை என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, நான் அழுததைப் பார்த்து அப்படியே விட்ட மயானத்து ஊழியருக்கு நன்றி. அவிழ்க்கவிடாத காப்போடுதான் அண்ணன் எரிந்தார். பிரார்த்தனை செய்த பெரியவர்களுக்கும் நன்றி. அது போய்ச் சேர்ந்ததா என்று அம்மனைத்தான் கேட்க வேண்டும்.

வழக்கு இன்னும் முடியவில்லை. அண்ணன் போன பிறகு வந்த முதல் வாய்தாவுக்கு நான் கோபியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. கோர்ட்டில் கடைசி வரிசையில், அண்ணன் வழக்கமாக உட்காரும் இடம் இதுதான் என்று வக்கீல் அம்மா காட்டிய பெஞ்சில் உட்கார்ந்தேன். நிமாய் வந்தது எனக்குத் தெரியாது, நான் இருப்பது அவனுக்கும் தெரியாது. டவாலி அவன் பெயரைக் கூப்பிட்டார்.

அவன் திரும்பிப் பார்த்தான்.