நான் நீக்கிய ஒரே வரி

பீர்மேட்டு எஸ்டேட்டுக்கு நெட்வொர்க் பார்ப்பவன் நான். அன்று குமுளியில் இருந்தபடியே எஸ்டேட் ரவுட்டருக்குள் நுழைந்து, பழைய ரூட் ஒன்றை, அதாவது இணையம் போகும் பாதையைச் சொல்லும் ஒரு வரியை, நீக்க கமாண்ட் அடித்தேன். நீக்கியதோ வெளியே போகும் ஒரே வழியை. என் திரையும் உறைந்துபோனது.

உடனே எஸ்டேட் டிஸ்பென்சரி சிஸ்டர் போனில் அழுதார். வலிப்பு வந்த குழந்தையை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் பாதியில் மறைந்துவிட்டாராம்.

நல்லவேளை, மாற்றத்தைச் சேமித்திருக்கவில்லை. ரவுட்டரை அணைத்து மறுபடி போட்டால் பழைய வழி திரும்பும். நான் போனில் சொல்லச் சொல்ல, அது இருந்த மேட்டு ஆபீசுக்குக் குழந்தையின் அப்பா மழையில் ஓடினார்.

"அமத்திட்டுப் போட்டுட்டேன் சார், பச்சை லைட்டு எரியுது!"

டாக்டர் மீண்டும் வீடியோவில் வந்தார்; குழந்தை பிழைத்தது. மழையில் லைன் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

"நீங்க மட்டும் சொல்லித் தரலன்னா எம்புள்ள இல்ல சார்" என்று, பிறகு நான் எஸ்டேட்டுக்குப் போனபோது, அந்த அப்பா என்னைக் கும்பிட்டார்.

இன்றும் கமாண்ட் அடித்து என்டர் தட்டுமுன் அந்தக் கைகள்தான் முன்னால் நிற்கின்றன.