வீட்டில் யாரும் இல்லை

பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவன் நான். வீட்டிலிருந்த பழைய லினக்ஸ் லேப்டாப்பில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டிருந்தேன். வைஃபையில் எந்தப் போனும் இல்லையென்றால், ஆளில்லை என்று எடுத்துக்கொண்டு ஸ்மார்ட் ப்ளக்குகளை எல்லாம் அது அணைத்துவிடும். எனக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு, கடைசியாக ரவுட்டரையும்.

அன்று மனைவியும் காலையிலேயே பேத்தமங்களாவுக்குக் கிளம்பிவிட்டாள். ரயிலில் எனக்குச் செய்தி வந்தது: 'வீட்டில் யாரும் இல்லை. எல்லாம் அணைக்கப்பட்டது.' பெருமையாகப் பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டினேன். காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

வீட்டில் அப்பா இருந்தார். சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டவர். ஆக்சிஜன் மெஷினில்தான் மூச்சு. அதையும் நானே ஸ்மார்ட் ப்ளக்கில் மாட்டியிருந்தேன். அவரிடம் இருந்ததோ பட்டன் போன். வைஃபைக்கு அது தெரியாது.

ரவுட்டர் இல்லாமல் ரயிலிலிருந்து எதையும் திரும்பப் போட முடியவில்லை. அப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு மேரி அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். போனில் அவர் ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

"வேற ப்ளக்குல சொருகிட்டேன் தம்பி. ஒதடு நீலமா கீது. மூச்சு வருது, இரு."

அப்பா காலத்தில் சுரங்கத்தில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் டோக்கன் கொடுப்பார்கள். அது திரும்பி வரும்வரை ஆள் உள்ளே இருப்பதாகவே கணக்கு. சற்றுப் பொறுத்துப் போனில் வந்த அப்பா, மூச்சுவாங்கிக்கொண்டே கேட்டார்: "இன்னாப்பா, எனக்கு டோக்கன் குடுக்கலியா நீ?"

ஸ்கிரிப்டை அன்றே அழித்துவிட்டேன். அந்தச் செய்தியை மட்டும் அழிக்கவில்லை. 'வீட்டில் யாரும் இல்லை' என்ற வரியை எழுதியது என் கைதான்.