என் இடுப்புக்கு நானே தைத்த பெல்ட்

முதல் தடவை கையில் தட்டுப்பட்டபோது அது கன்னத்தின் உட்புறம் போல மெத்தென்று ஈரமாக இருந்தது. கம்பெனிக் கழிப்பறையில், மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். வெடுக்கென்று கையை எடுத்துவிட்டேன். என் உடம்புக்குள் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று வெளியே எட்டிப் பார்க்கிறது என்பது மட்டும் புரிந்தது. வெளியே இரண்டு பேர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சேலையைச் சரிசெய்துகொண்டு போய் மெஷினில் உட்கார்ந்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கும் இப்படி நடந்திருக்கும். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நானும் ஐந்து மாதம் சொல்லவில்லை. தலைவலி என்றால் ஊருக்கே சொல்லலாம். முழங்கால் வலி என்றால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாதவரிடம்கூடச் சொல்லலாம். இதைச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தைகூடக் கொடுக்காமல் வளர்த்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

வார்த்தை இருக்கிறது. கர்ப்பப்பை இறக்கம் (கர்ப்பப்பையைத் தாங்கும் தசைகளும் நார்களும் தளர்ந்து, அது பிறப்புறுப்பு வழியாகக் கீழே இறங்குவது). எனக்குச் சிறுநீர்ப்பையும் சேர்ந்து இறங்கியிருந்தது. படுத்தால் உள்ளே போய்விடும், நின்றால் வந்துவிடும். அதனால் காலையில் எழும்போது எனக்கு நோயே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு, இரண்டு தொடைக்கும் நடுவில் எலுமிச்சம்பழத்தை இடுக்கிக்கொண்டு நடப்பது போல் இருக்கும்.

எனக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் படத்தையும் அளவையும் பார்த்து, முதல் உருப்படியைத் தைத்துக் காட்டுவது என் வேலை. அதற்கு முன் பதினைந்து வருடம், ஆளுக்கொரு பகுதியாகத் தைத்து நகர்த்தும் லைனில் தைத்தேன். இரண்டு பிரசவத்துக்கும் நாற்பதாம் நாளே மெஷினுக்குத் திரும்பிவிட்டேன். வெட்டிய துணிக் கட்டுகளைத் தோளில் போட்டு மாடி ஏறினேன். என்ன தைரியமான பெண் என்று எல்லோரும் பாராட்டினார்கள். ஒருவராவது வாயை மூடிக்கொண்டு அந்தத் துணிக் கட்டைக் கையில் வாங்கியிருக்கலாம்.

முதலில் போனது ஒரு தனியார் மருத்துவமனை. கணவர் கூட வந்தார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, என்னைத் தாண்டி அவரைப் பார்த்துப் பேசினார்.

“குழந்தைங்க எத்தனை? ரெண்டா? அப்புறம் அந்தப் பை எதுக்கு, எடுத்துரலாம்.”

என் கணவர் கேட்ட ஒரே கேள்வி இது: “எடுத்துப்போட்டா எத்தன நாள்ல வேலைக்குப் போலாமுங்க?”

எனக்கு வலிக்குமா என்று அவர் கேட்கவில்லை. வேறு வழி இருக்கிறதா என்று கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம்தான். ஆனால் அந்த அறையில் நான் இருப்பதே இருவருக்கும் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பயமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஆத்திரம் என்று சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்காது.

அதன் பிறகு நான் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

தையல்காரிக்கு எல்லாமே அளவுப் பிரச்சனையாகத்தான் தெரியும். தொளதொளவென்று இருந்தால் பிடிப்போம், இறங்கினால் எலாஸ்டிக் வைப்போம். என் உடம்புக்கும் அப்படியே யோசித்தேன். இழுத்தால் நீளும் கனமான ரிப் துணி, இரண்டு அங்குல எலாஸ்டிக் மூன்று வரிசை. அடிவயிற்றைச் சுற்றி இறுக்கும் பட்டை, அதிலிருந்து கால் நடுவே போய்ப் பின்னால் மாட்டும் இன்னொரு பட்டை. கொக்கி வைத்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். போட்டு நின்று பார்த்தேன். கீழே இழுக்கும் அந்த உணர்வு குறைந்திருந்தது. அப்பாடா என்று இருந்தது.

சில வாரத்தில் தளர்ந்தது போலத் தோன்றியது. இன்னும் இறுக்கமாக ஒன்று தைத்தேன். பிறகு அதையும் விட இறுக்கமாக. மூச்சை உள்ளே இழுத்துத்தான் கொக்கியை மாட்ட வேண்டும்.

துணி ஓரங்களை ஓவர்லாக் மெஷினில் தைக்கும் ஜெபா ஒரு நாள் கழிப்பறையில் அதைப் பார்த்துவிட்டாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள், முப்பத்து மூன்று வயது.

“எக்கா, இது எதுக்கு?”

சொன்னேன். வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“எனக்கும் இருக்குக்கா. ரெண்டாவது பிள்ளைக்கு அப்புறம். எனக்கும் ஒண்ணு தச்சுத் தாங்களேன்.”

ஜெபாவுக்குத் தைத்தேன். அவள் வழியாக இஸ்திரிப் பிரிவிலிருந்து ஒருத்தி வந்தாள். பிறகு தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங்கில் நிற்கும் சரசக்கா வந்தார். வெள்ளகோவில்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மொத்தம் ஆறு பேர். ஒருவர்கூட நோயின் பெயரைச் சொல்லவில்லை. “எனக்கும் அது” என்பார்கள், அவ்வளவுதான். ஒரே கூரைக்குக் கீழே, பத்தடி தூரத்தில், வருடக்கணக்கில் எல்லோரும் அதை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம். நான் மீடியம், லார்ஜ் என்று அளவு போட்டுத் தைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. எந்த டாக்டரும் செய்யாததை நான் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இப்படியே ஒன்றரை வருடம் போயிற்று. பிறகு சிறுநீர் சரியாகப் பிரியவில்லை. இறங்கியதை விரலால் மேலே தள்ளிக்கொண்டால்தான் போகும். ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. சிறுநீர்ப்பையில் கிருமித் தொற்று. இந்தத் தடவை அரசு மருத்துவமனைக்குத் தனியாகப் போனேன்.

அங்கே ஒரு பெண் டாக்டர். படுக்க வைத்து இருமச் சொன்னார், நிற்க வைத்து இருமச் சொன்னார். குழந்தைகள் எத்தனை என்பதோடு நிறுத்தாமல், என்ன வேலை, எவ்வளவு எடை தூக்குவீர்கள், மலச்சிக்கல் உண்டா என்றெல்லாம் கேட்டார். அப்போதுதான் நாற்காலியில் நான் கழற்றி வைத்திருந்த பெல்ட் அவர் கண்ணில் பட்டது.

“இது எங்க வாங்குனீங்க?”

“நானே தச்சதுங்க.”

பாராட்டுவார் என்று நினைத்தேன். பெல்ட்டைக் கையில் எடுத்து எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார்.

“பால் பாக்கெட்டை நடுவுல பிடிச்சு இறுக்கினா உள்ள இருக்கறது எங்கம்மா போகும்?”

“மேலயும் போகும், கீழயும் போகுமுங்க.”

“உங்களுக்குக் கீழதான் தாங்கறதுக்கு ஆளில்ல. வயித்தை இறுக்க இறுக்க உள்ள அழுத்தம் கூடும். அது எல்லாத்தையும் கீழ தள்ளும். இதனாலதான் நோய் வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இது நல்லது பண்ணல.”

ஆறு பேர் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள். அன்றைக்கு அவர் சொன்னதில் பாதி என் காதில் ஏறவில்லை. மறுபடி போய்த்தான் கேட்டுக்கொண்டேன். உங்களுக்கு ஒரே தடவையில் விளங்கட்டும் என்று எழுதுகிறேன்.

ஆரம்ப நிலையில் இருந்தால் இடுப்புத் தளப் பயிற்சி உதவும் (சிறுநீரை அடக்குவது போல அடித் தசைகளை இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்குவது). அடுத்தது பெசரி (உள்ளே பொருத்தி உறுப்புகளைத் தாங்க வைக்கும் மெத்தென்ற வளையம்). அதைக் கழற்றிக் கழுவி மறுபடி வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டைப் பற்றியும் முதல் டாக்டர் வாயே திறக்கவில்லை. கத்தியில்லாத வழி இரண்டு இருந்தும் எனக்குச் சொல்லப்படவில்லை. அந்த இடத்தைத்தான் நான் எலாஸ்டிக்கால் நிரப்பினேன்.

மூன்றாவது வழி அறுவை சிகிச்சை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டுத் தளர்ந்த சுவர்களைத் தைக்கலாம். அல்லது அதை எடுக்காமல், இடுப்புக்குள் இருக்கும் உறுதியான ஒரு நாரோடு சேர்த்துத் தைத்து நிறுத்தலாம்.

“உங்க கர்ப்பப்பை நல்லாத்தான் இருக்கு” என்றார் டாக்டர். “அதைத் தாங்கறதுதான் விட்டுப்போச்சு. எந்த முறையில செஞ்சாலும் திரும்ப இறங்க வாய்ப்பு இருக்கு. முடிவு நீங்கதான் எடுக்கணும். ஆனா மூணு மாசம் எடை தூக்கக் கூடாது, அதுக்கப்புறமும் துணிக் கட்டு தூக்கற வேலை வேண்டாம்.”

“என்ன நூல்லீங்க தைப்பீங்க?” என்று கேட்டேன். எனக்கு அது முக்கியமாகப் பட்டது. அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். சில இடத்தில் கரையும் நூல், சில இடத்தில் கரையாத நூல். அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்தப் பதிலில்தான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆறு பேரையும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டேன். நான் தைத்தது தப்பு, கழற்றிவிடுங்கள், டாக்டரிடம் போகலாம் என்று சொன்னேன். ஜெபாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“அப்பம் எங்க உடம்பையும் சேத்துல்லா கெடுத்திருக்கிய?”

ஆமாம் என்றேன். அவள் சோற்று டப்பாவை மூடிக்கொண்டு கீழே போய்விட்டாள். பத்து நாள் என்னோடு பேசவில்லை.

சரசக்கா கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

“கட்டாம நிக்க முடியாது கண்ணு. நல்லதுன்னு நீ சொன்னப்பவும் கட்டுனேன். கெட்டதுன்னாலும் கட்டித்தான் ஆகோணும். செக்கிங்ல யாரு என்னைய உக்கார உடறாங்க?”

அடுத்த வாரத்திலிருந்து பெசரி வைத்துப் பார்த்தேன். முதல் வளையம் குந்தி உட்கார்ந்ததும் விழுந்துவிட்டது. இரண்டாவது அளவு நின்றது. உங்களுக்கு அதுவே போதும் என்றால் அதோடு நிற்கலாம், நிறையப் பேர் நிற்கிறார்கள். எனக்குச் சில மாதத்தில் புண்ணாகிவிட்டது. பிறகுதான் அறுவை சிகிச்சை என்று முடிவெடுத்தேன். கர்ப்பப்பையை எடுக்காமல் தைக்கச் சொன்னேன். என் முடிவை நீங்கள் காப்பி அடிக்க வேண்டாம். உங்கள் வயது வேறு, உங்கள் இறக்கம் வேறு.

முடிவெடுத்ததும் ஆளாளுக்கு ஒரு நாள் குறித்தார்கள். “நோம்பி முடியட்டும்” என்று ஊர்த் திருவிழாவைச் சொன்னார் கணவர். மகள், தன் பரீட்சை முடியட்டும் என்றாள். லீவு கேட்கப் போனபோது சூப்பர்வைசர் என்ன பிரச்சனை என்று கேட்டார். மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் போனேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டதும் குரல் தானாக உயர்ந்துவிட்டது.

“கர்ப்பப்பை இறங்கி வெளிய வருதுங்க. எனக்கு மட்டுமில்லீங்க, இந்த புளோர்ல ஏழு பேருக்கு.”

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் தரையைப் பார்த்தார். “லேடீஸ் மேட்டரெல்லாம் ஆபீஸ்ல மேடத்துகிட்ட சொல்லுங்க்கா” என்றார். அந்த வாரம் கட்டுகளை வைத்துத் தள்ள ஒரு டிராலி வந்தது. அடுத்த வாரமே அதைப் பேக்கிங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நோம்பிக்கும் பரீட்சைக்கும் முன்னால் நான் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். முதல் இரண்டு நாள் சிறுநீருக்குக் குழாய். வலது புட்டத்தில் ஒரு மாதம் குத்தல் வலி இருந்தது. இந்த முறையில் அப்படி வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. சொல்லிவிட்டால் எவ்வளவு வலியையும் பொறுத்துக்கொள்ளலாம். கணவர் சமைத்தார். உப்பு கூடவோ குறையவோ இருக்கும். நான் பாராட்டவில்லை. இருபது வருடம் நான் சமைத்ததை யாரும் பாராட்டியது இல்லை.

ஜெபா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தானும் டாக்டரிடம் காட்டியிருந்தாள். அவளுக்கு ஆரம்ப நிலைதான், பயிற்சி செய்தால் போதும் என்றிருக்கிறார்கள். “ஓவர்லாக் தைக்கும்போதே செய்யுதேன்க்கா, ஒருத்தருக்கும் தெரியாது” என்றாள். மற்ற நான்கு பேரும் பெல்ட்டைக் கழற்றிவிட்டார்கள். அதில் இருவர் பெசரி வைத்திருக்கிறார்கள்.

ஆபரேஷன் முடிந்து இப்போது ஏழு மாதம் ஆகிறது. இருமல் வந்தால் முதலில் அடியை இறுக்குகிறேன், அப்புறம்தான் இருமுகிறேன். குடத்தைத் தொடுவதற்கு முன் ஒரு கணம் நின்று யோசிக்கிறேன். இந்த அரை நொடி முன்பு என் வாழ்க்கையில் இருந்ததில்லை. ஒன்றரை ஷிப்ட், ஓவர்டைம் என்று கம்பெனி பிரித்துக் கொடுத்த நாளைத்தான் நான் வாழ்ந்தேன். இப்போது எவ்வளவு நேரம் நிற்கலாம், எப்போது படுக்க வேண்டும் என்று உடம்பு பிரிக்கிறது. மறுபடி இறங்கலாம். அது தெரிந்தேதான் நடக்கிறேன். எதையாவது தூக்கிக் கொடு என்று யார் கேட்டாலும் முடியாது என்கிறேன். முதலில் அந்த வார்த்தை என் வாயில் வர மறுத்தது, இப்போது பழகிவிட்டது.

போன வியாழக்கிழமை சரசக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. இந்த ஷிப்மென்ட் முடியட்டும், இந்த ஷிப்மென்ட் முடியட்டும் என்று மூன்று தடவை தள்ளிப்போட்டவர், இந்தத் தடவை வருகிறேன் என்று தலையில் கை வைத்துச் சொன்னார். பஸ் ஸ்டாப்பில் ஒன்பது மணிவரை நின்றேன். அதற்கு மேல் நிற்க என் உடம்பு எனக்கு அனுமதி தருவதில்லை. நேராகக் கம்பெனிக்குப் போனேன். சரசக்கா செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த பனியனைத் திருப்பி, தையலைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார். சேலைக்கு மேலேயே இடுப்பில் பட்டையின் தடிப்பு தெரிந்தது.

நான் தைத்ததுதான் அது. நன்றாகத் தைத்திருக்கிறேன், சீக்கிரம் பிய்யாது.