கோத்ரி லேஸுக்கு முவைலாவில் முடிவெட்டு

இன்று காலை ஒரு பிரெஞ்சு ஊரின் பெருமையைக் கத்தரித்துக் குப்பையில் போட்டோம்!

(நாங்கள் என்றால் ஷார்ஜா முவைலாவில் இருக்கும் எங்கள் தையல் கடை. நான் அங்கே கட்டிங் மாஸ்டர்.)

வடக்கு பிரான்சில் கோத்ரி என்று ஒரு சின்ன ஊர். லேஸுக்குப் பேர் போனது.

ஆளை விட உயரமான இரும்புத் தறியில் புகை போன்ற லேஸை நெய்வார்கள். விளிம்பில் கண்ணிமை முடி போல நூல்களை வேண்டுமென்றே தொங்க விடுவார்கள். அந்த இமைக்காகவே மணப்பெண்கள் காத்துக் கிடக்கிறார்கள்.

ஜெனிஃபரும் அப்படித்தான் மூன்று மீட்டர் வரவழைத்திருந்தார். இங்கே நர்ஸ், சொந்த ஊர் மணப்பாடு. வரும் சனிக்கிழமை இங்கேயே சர்ச்சில் கல்யாணம். கவுனின் அடியிலும் கையிலும் இமை வர வேண்டும் என்பது உத்தரவு.

லேஸைச் சரிபார்க்கச் சொல்லி எங்கள் கடை செல்வராஜிடம் கொடுத்தேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினைந்து வருடம் பிசிறு வெட்டியவர்.

அரை மணி நேரத்தில் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"மாஸ்டர், பிரான்சுக்காரனுக்கு ஃபினிஷிங்கே தெரியலீங்க. ஓரமெல்லாம் பிசிறு! ஒரு பக்கம் சுத்தமா வெட்டிப்போட்டனுங்க. டீ குடிச்சுட்டு வந்து அடுத்த பக்கம்."

(டீ காப்பாற்றிய பொருட்களின் பட்டியலில் இதையும் சேர்க்கவும்.)

கோத்ரியில் தலைமுறைகளாக நூலைத் தொங்க விடுகிறார்கள். திருப்பூரில் தலைமுறைகளாகத் தொங்கும் நூலை வெட்டுகிறார்கள். இரண்டு நாகரிகங்களும் எங்கள் மேசையில் சந்தித்துவிட்டன!

அது பிசிறு இல்லை, இமை என்று சொன்னதும் செல்வராஜ் கத்தரிக்கோலைத் தள்ளி வைத்தார்.

"வேற வரவைக்க முடியாதுங்களா?"

"கல்யாணத்துக்குள்ள வராதுப்பா."

அளந்து பார்த்தேன். மிஞ்சிய பக்கம் கவுனின் அடிக்குச் சரியாகப் போதும். வெட்டுப்பட்ட விளிம்பு தையலுக்குள் போய்விடும். கைக்கு மட்டும் இமை இல்லை.

"அந்தப் புள்ளைகிட்ட நானே சொல்லிப்போடறனுங்க" என்றார் செல்வராஜ்.

மாலையில் ஜெனிஃபர் ட்ரயலுக்கு வந்தார். கவுனில் லேஸைக் குண்டூசி குத்தி நிறுத்திக் காட்டினேன். செல்வராஜ் முழுவதையும் சொன்னார்.

ஜெனிஃபர் தன் கையை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"போட்டும் அண்ணே. நாள் பூரா கை கழுவுத ஆளு நான். கையில நூலு தொங்குனா எனக்கே எரிச்சல் வரும். அடியில இருக்குல்லா?"

"இருக்குங்க!"

"அப்பச் சரி."

செல்வராஜுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஜெனிஃபர் அதே சந்தோஷத்தில் மணப்பாட்டில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, கவுனைத் தலை முதல் அடி வரை காட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அம்மா. "ஏட்டி, அடியில என்ன நூல் நூலாத் தொங்குது? பிசிறு கூட வெட்டாமலா குடுக்கான் உன் டெய்லரு? சரி விடு, வியாழக்கிழமை நான் வந்து வெட்டிவிடுதேன்!"

செல்வராஜ் என்னைப் பார்த்த பார்வையில் பதினைந்து வருட அனுபவமும் இருந்தது.

புதன்கிழமை தருவதாகச் சொன்ன கவுனை இனி சனிக்கிழமை காலை சர்ச்சுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

செல்வராஜும் கூட வருகிறார். லேஸுக்குக் காவலாக!