நசுங்காத எலுமிச்சம்பழம்

பெரியப்பாவின் கையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். என்னைக் கல்லூரி விடுதியில் விடக் கொல்லிமலையிலிருந்து பஸ்ஸில் கீழே போகும்போதெல்லாம் அதை மூக்கருகே வைத்துக்கொள்வார். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு மூன்று முறை, "வாந்தி வருதுங்க, செத்த நிறுத்துங்க" என்று எழுந்துவிடுவார். "மலைக்காரருக்கே தலை சுத்துதுங்களா? அப்ப நாங்கெல்லாம் எங்க போறது!" என்பார் கண்டக்டர். பஸ்ஸே சிரிக்கும். அவரும் சிரித்தபடி புதர்ப்பக்கம் போய், வெகுநேரம் கழித்து வருவார்.

அவருக்குப் பிள்ளையில்லை. மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் ஊரார் அந்தக் குறையை முதலில் பெரியம்மா மேல்தான் போட்டார்கள். ஒரு கிடா விருந்தில் பெரியப்பா எழுந்து, "கோளாறு எனக்குத்தான். அவள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாராம். எந்த டாக்டரிடமும் அவர் போனதில்லை. பெரியம்மாவைக் காப்பதற்காகவே அப்படிச் சொன்னார். பிறகு கேலியெல்லாம் அவருக்கு வந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். உயிர்வேதியியல் படித்தேன். ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியில் புரதத்தை வெட்டும் நொதி ஒன்று சுரக்கிறது. கெட்டியாக வெளிவரும் விந்தை அது இளக்கினால்தான் உயிரணுக்கள் தடையின்றி நீந்தும். அதே நொதி இரத்தத்தில் மிகுந்தால் அந்தச் சுரப்பியில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிக்கடி சிறுநீர் முட்டுவதையும் அசட்டை செய்யக் கூடாது. இதையெல்லாம் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி வகுப்பில் முதலாவதாக வந்தேன்.

அடுத்த பயணத்தில் பெரியப்பா மூன்று முறை இறங்கினார். மூன்று முறையும் பழம் நசுங்காமல், நகம் படாமல் திரும்பி வந்தது. குமட்டியிருந்தால் பழத்தைக் கீறி முகர்ந்திருப்பார்; வாந்தி இல்லையென்று எனக்குப் புரிந்தது. ஒரு பெண்பிள்ளை பெரியப்பாவிடம் இதை எப்படிக் கேட்பாள்? ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறு வருடம் இடுப்பு வலியில் விழுந்தார். புரோஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை பரவியிருந்தது.

"ஏன் பெரியப்பா சொல்லல?"

"எப்படிச் சொல்றது கண்ணு? அங்கதான் நோவுன்னா, பாத்தியா, அவன் ஆம்பளையே இல்லன்னு மறுபடி ஆரம்பிப்பாங்க. உம் பெரியம்மா அழுவா."

எனக்கு முன்பே தெரியும் என்பதை அவரிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.

இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். போன வாரம் மலையேறும் பஸ்ஸில் ஒரு பெரியவர் எலுமிச்சம்பழத்தோடு எழுந்து நிறுத்தச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பி வந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டேன்: "ஏனுங்க, வாந்தி இல்லீங்களே? ஒண்ணுக்குத்தானே முட்டுது?"

பழத்தைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு வருசமா இருக்குது சாமி" என்றார்.

கேட்பதற்கு ஒரு வளைவு திரும்பும் நேரம்கூட ஆகவில்லை.