ஆஷாடத்துக்கு முன்னால் ஓர் ஒப்பந்தம்

கட்டடத்தை எப்படிக் கட்டுவது என்று கேட்க ஆயிரம் பேர் உண்டு. வேலையை யாரிடம், எந்த விதத்தில் ஒப்படைப்பது என்று யாரும் கேட்பதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூர் தொம்மலூரில் ஒரு கட்டட ஆலோசனை அலுவலகத்தில் நான் பார்த்தது அந்த இரண்டாவது வேலை. பெண்பிள்ளை சைட்டில் வெயிலில் நிற்க வேண்டாம் என்று டெண்டர் மேஜையில் உட்கார வைத்தார்கள். அதையும் ஒருத்தி ஆசையாகக் கற்றுக்கொள்வாள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஒப்பந்தப் பிரிவுக்குத் தலைமைப் பதவி வருகிறது, அது உனக்குத்தான் என்று முதலாளி வாய் நிறையச் சொல்லியிருந்தார். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வேண்டாம் என்று சொல்ல நான் என்ன சந்நியாசியா?

அப்போதுதான் ஒரு பள்ளிக்கூட டிரஸ்டின் வேலை வந்தது. செயலாளர், தலைமுறைகளுக்கு முன்பே பெங்களூர் வந்து அரசாங்க உத்தியோகத்தில் நிலைத்த தமிழ்க் குடும்பத்தவர். அலுவலகத்தில் கன்னடம், எங்களிடம் தமிழ், சாஸ்திரத்தில் இரண்டும். கன்னடக்காரர்களுக்கு ஆஷாட மாதம் ஆகாது, தமிழர்களுக்கு ஆடி ஆகாது. இரண்டும் ஒரே நாளில் பிறப்பதில்லை. ஆஷாடம் முன்னால் வரும், அது முடிந்த பிறகும் ஆடி இழுத்துக்கொண்டு போகும். மற்றவர்கள் ஒன்றைப் பார்ப்பார்கள். அவர் இரண்டையும் பார்த்தார். அதனால் ஆஷாடம் பிறப்பதற்குள் குத்தலி பூஜை, அதாவது மண்வெட்டியால் மண்ணைத் தொட்டுத் தொடங்கும் பூமி பூஜை, நடந்தே ஆக வேண்டும் என்றார்.

வரைபடங்களோ பாதிகூட ஆகவில்லை. மாடிப்படி எங்கே இறங்குகிறது என்பதே தெரியாது. இப்படிப்பட்ட நிலையில் ஐட்டம் ரேட்டில் கொடுக்கலாம்: செங்கல் கட்டு இவ்வளவு, கான்கிரீட் இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் விலை பேசி, செய்த வேலையை அளந்து பணம் தருவது. அவருக்கு அது பிடிக்கவில்லை. டிரஸ்டிகளிடம் ஒரே தொகையைச் சொல்ல வேண்டுமாம். முழுக் கட்டடத்துக்கும் ஒரே தொகை என்றால் வரைபடம் முழுசாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வரையாமல் விட்டதெல்லாம் காண்ட்ராக்டருக்கு எக்ஸ்ட்ரா. இதை முதலாளியின் அறையில், செயலாளர் எதிரிலேயே சொன்னேன்.

"பூஜைய இப்பவே போட்டுடுங்க சார். ஒப்பந்தம் ஆவணில பண்ணிக்கலாம்" என்றேன்.

"காண்ட்ராக்டர் இல்லாம குத்தலிய யார் கையில குடுக்கறதும்மா? வாட்ச்மேன் கையிலயா?" என்றார் செயலாளர்.

மண்வெட்டியைப் பிடிக்க ஒரு கை வேண்டும் என்பதற்காக, ஒரே தொகைக்கு வொர்க் ஆர்டர் போனது. அவர் போன பிறகு முதலாளி மெதுவாகச் சொன்னார். "நீ சொல்றது சரிதாம்மா. கிளையண்ட்கிட்ட முடியாதுன்னு சொல்ற வாய் எனக்கில்ல." அன்று சாயங்காலம் ஆஸ்டின் டவுன் வீட்டில் எல்லாவற்றையும் கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டார். நமக்கெதுக்கு வம்பு என்றார்.

பூஜை ஜோராக நடந்தது. பிறகு தோண்டினால் பழைய ஏரி மண். ஆழமாகப் போக வேண்டும், எக்ஸ்ட்ரா. ஜன்னல் வரைந்திருந்தோம், கம்பி வரையவில்லை, எக்ஸ்ட்ரா. படிக்கட்டுக்குக் கைப்பிடி எக்ஸ்ட்ரா. காண்ட்ராக்டர் ஒன்றும் திருடவில்லை. நாங்கள் திறந்து வைத்த வாசல் வழியாக உள்ளே வந்தார், அவ்வளவுதான். அடுத்த ஜூனில் பள்ளி திறந்தபோதும் கட்டடம் முடியவில்லை, பிள்ளைகள் மறுபடி பழைய தகரக் கொட்டகைக்கே போனார்கள்.

டிரஸ்டிகள் கூட்டம் கூட்டினார்கள். இந்த மாதிரி ஒப்பந்தம் போட யார் யோசனை சொன்னது என்று ஒருவர் கேட்டார். முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"டெண்டரெல்லாம் மேடம்தான் பாத்தாங்க" என்றார்.

அதுவரை அவர் வாயில் நான் மேடமாக இருந்ததில்லை. செயலாளரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் காதால் கேட்ட மனிதர். காபி டம்ளரை டபராவில் கவிழ்த்து ஆற்றிக்கொண்டிருந்தார். ஆறிப்போன காபி அது. நடந்ததை நான் சொல்ல ஆரம்பித்தேன். பேச்சு அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. முதலாளியின் அறையில் வாயால் சொன்னதற்குச் சாட்சி அந்த இருவர் மட்டுமே. நாற்காலி வேறொருவருக்குப் போனது. இருந்து பார்த்தேன்; முடியவில்லை, விலகினேன்.

சில வருடங்கள் வீட்டில் இருந்தபடி, ஜீவனஹள்ளிப் பக்கம் சின்ன வீடுகளுக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் செயலாளரிடமிருந்து போன். இரண்டாவது கட்டடம் எடுக்கிறார்கள், டெண்டர் வேலையை நான் பார்க்க வேண்டுமாம்.

"ஒரு தடவ பட்டவங்களுக்குத்தாம்மா அருமை தெரியும். அதான் உங்களயே கேக்கலாம்னு."

பட்டது நான்தானே. அந்த மட்டில் பொய்யில்லை. கோபத்தில் போனை வைத்திருக்க வேண்டும். வேலை வேண்டியிருந்தது, சரி என்றேன். இம்முறை வரைபடம் முழுவதும் முடிந்த பிறகுதான் டெண்டர் என்று முதல் நாளே சொன்னேன். தலையாட்டினார். ஆஷாடமும் ஆடியும் கழிந்து, ஆவணியில் பூஜை போட்டோம். சொன்ன தொகையில், சொன்ன மாதத்தில் கட்டடம் முடிந்தது.

திறப்பு விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். மைக்கில், இந்த அம்மா முன்பு ஒரு தப்புச் செய்தார், நாங்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை, மனிதருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று பேசினார். கூட்டம் கைதட்டியது. நான் கும்பிட்டேன். முன்வரிசையில் என் கணவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது, "பெரிய மனசுள்ள மனுஷன்" என்றார். அதன் பிறகு என் வேலையைப் பற்றி அவரிடம் நான் பேசியதில்லை.