ஈரக் கேபிளில் அடங்கிய குரல்

பசிபிக் கடல் நாடான கிரிபட்டியின் தெற்குத் தீவு ஒன்றில் ரேடியோ அறை டெரெட்டியாவின் பொறுப்பில் இருந்தது. யாருக்குப் பிரசவம் சிக்கல், எப்போது அரிசி தீர்ந்தது, எல்லாமே அவள் குரலில்தான் தலைநகர் தராவாவுக்குப் போகும். அறைக்கு வெளியே கம்பம், அதன் உச்சியில் ஆன்டெனா, அங்கிருந்து செட்டுக்கு இறங்கும் கறுப்புக் கேபிள். செட்டில் இருந்த மீட்டர் முள்ளை அவள் மலைபோல நம்பினாள். மேலே ஏதாவது கெட்டிருந்தால் அனுப்பிய சக்தி முட்டித் திரும்பி வரும், முள் எழும்பும். முள் படுத்திருந்தால் குரல் வெளியே போகிறது. அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

விடாமல் மழை பெய்த வாரம். ஒருநாள் காலையில் தராவா அவளைக் கூப்பிட்டது. பதில் சொன்னாள். மறுபடி கூப்பிட்டது, பிறகு அடுத்த தீவைக் கூப்பிடப் போய்விட்டது. வானம் சரியில்லை போல என்று விட்டுவிட்டாள். முள் அசையவில்லையே.

அன்று மதியம் தம்பி கைட்டாகேயின் குரல் ரேடியோவில் வந்தது. அவனும் நண்பன் பெனியாவும் கொப்பரை ஏற்றிக்கொண்டு படகில் போயிருந்தார்கள்.

"அக்கா, எஞ்சின் நின்னுபோச்சு. நீரோட்டம் மேற்கால இழுக்குது. கேக்குதா?"

"கேக்குதுடா! கரை தெரியுதா?"

"ஏய் அக்கா! நண்டு பிடிக்கப் போயிட்டியா?" சிரித்தான்.

"இங்கதான்டா இருக்கேன்! கரை தெரியுதான்னு சொல்லு!"

"யாரும் இல்லடா பெனியா. பாட்டரிய மிச்சம் பிடிப்போம்." பக்கத்தில் இருந்தவனிடம் அவன் சொன்னது தெளிவாகக் கேட்டது.

தொண்டை கிழியக் கத்தினாள். தராவாவைக் கூப்பிட்டாள். யாரிடமிருந்தும் பதில் வரவில்லை. முள் அசையாமல் கிடந்தது. கரைக்கு ஓடி ஆட்களைக் கூட்டினாள். படகுகள் போயின, அவர்களைக் காணாமல் திரும்பின. மறுநாளும் அவன் கூப்பிட்டான், இன்னும் மெலிதாக. அதன் பிறகு இரைச்சல் மட்டும்தான்.

அடுத்த கப்பலில் வந்த மெக்கானிக் டியான் கேபிளை அறுத்தான். உள்ளே செம்பு கறுத்திருந்தது, தண்ணீர் சொட்டியது.

"மேல தோல் வெடிச்சு மழைத்தண்ணி இறங்கிருக்கு. நீங்க அனுப்பின சக்தி போற வழியிலேயே கேபிளச் சூடாக்கிக் கரைஞ்சிருச்சு. மேல முட்டித் திரும்பின மிச்சமும் வர்ற வழியில செத்துப்போச்சு. திரும்பி வந்து சேர ஒண்ணும் இல்ல, அதான் முள் எந்திரிக்கல."

"அவன் பேசினது எனக்குக் கேட்டுச்சே?"

"கேக்குறதுக்குத் துளி சக்தி போதும்க்கா."

அறுத்துப் போட்ட அந்தச் சாண் நீளக் கேபிளை அவள் தொட்டுப் பார்த்தாள். அவள் கத்தியதெல்லாம் இதற்குள் வெறும் சூடாகித் தீர்ந்திருந்தது.

மாதங்கள் கழித்து ஒரு மீன்பிடிக் கப்பல் காப்பாற்றிய பெனியா தனியாக ஊர் வந்து சேர்ந்தான். கைட்டாகே நடுக்கடலிலேயே இறந்துபோயிருந்தான்.

"கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தான்," என்றான் பெனியா, அவள் முகத்தைப் பார்க்காமல். "அக்கா செட்டுப் பக்கம் இல்ல போலன்னு."

"இருந்தேன். நண்டு பிடிக்கப் போயிட்டியான்னு கேட்டான். யாரும் இல்லடா பெனியான்னு உன்கிட்ட சொன்னான். பாட்டரிய மிச்சம் பிடிப்போம்னான்."

நடுக்கடலில் பேசினதை அவள் அச்சு மாறாமல் சொல்லவும் பெனியா மிரண்டுபோனான். எழுந்து போய்விட்டான். அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் அவன் வரவே இல்லை.

புதுக் கேபிள் வந்தது. டெரெட்டியா வேலையை விடவில்லை. ஆனால் முள்ளைப் பார்ப்பதில்லை. தராவாக்காரன் "சரி" என்றால் அவளுக்குப் போதாது.

"நான் என்ன சொன்னேன், சொல்லு."

அவன் சலித்துக்கொண்டே ஒப்பிப்பான்.

வீட்டிலும் அதே கதைதான். கணவன் இயோடெபா கள் இறக்கத் தென்னை உச்சியில் பாடிக்கொண்டிருப்பான். கீழிருந்து கூப்பிடுவாள். "சரி" என்று குரல் வரும். அவள் நகரமாட்டாள்.

"என்ன சொன்னேன்?"

பாட்டை நிறுத்திவிட்டு அவன் குனிந்து பார்ப்பான்.

"மீன் வெந்துருச்சு, இறங்கி வான்னு சொன்னே."

அதன் பிறகுதான் அவள் உள்ளே போவாள்.